யாரும் கேட்காத அலமாரி



மாற்றல் உத்தரவு கைக்குக் கிடைத்ததும் நாம் விசாரிக்கும் செய்திகள் சில உண்டு. புதிய ஊரில் வீட்டு வாடகை எவ்வளவு? குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் எங்கே? புழுங்கலரிசியும் நல்லெண்ணெயும் எந்தக் கடையில் கிடைக்கும்? முருகன் கோயிலோ பிள்ளையார் கோயிலோ அருகில் உண்டா? தமிழ்ச் சங்கம் இருக்கிறதா? இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே, குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும் இந்தப் பட்டியலில் ஒரு கேள்வி எப்போதும் விடுபட்டுப் போகிறது. “அந்த ஊரில் பொது நூல்நிலையம் எங்கே?” என்று கேட்டுக்கொண்டு பெட்டி படுக்கையைக் கட்டிய குடும்பத்தை நான் இதுவரை கண்டதில்லை. என் குடும்பமும் அதற்கு விலக்கன்று. அதனால் நேர்ந்த ஓர் இழப்பை இம்மாதம் உங்களிடம் சொல்லப் புகுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வடநாட்டு நகரம் ஒன்றில் குடியிருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், காய்கறிச் சந்தைக்குப் பின்புறம், பொது நூல்நிலையத்தின் கிளை ஒன்று இருந்தது. அதன் பெயர்ப் பலகையை நாள்தோறும் பார்த்துக்கொண்டே அலுவலகம் சென்று வந்தேன். உள்ளே போனதில்லை. அவர்கள் மொழி நூல்கள் தாமே இருக்கும், நமக்கு அங்கே என்ன வேலை என்பது என் எண்ணம். இவ்வாறு ஒன்பது ஆண்டுகள் கழிந்தன.

ஓர் ஆடி மாத மாலையில் மகளுடன் சந்தைக்குப் போயிருந்தபோது பெருமழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காக அந்த வாயிற்படியில் ஏறினோம். உள்ளிருந்த நூலகர் வயது முதிர்ந்தவர். எங்களை அழைத்து அமரச் சொன்னார். நானும் மகளும் பேசிக்கொண்டதைச் சிறிது நேரம் செவிமடுத்தவர், “உங்கள் வீட்டில் பேசும் மொழி எது?” என்று கேட்டார். தமிழ் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக்கொண்டு மூலையிலிருந்த மர அலமாரியைத் திறந்தார்.

உள்ளே நாற்பது ஐம்பது தமிழ் நூல்கள் இருந்தன. கல்கியும், மு. வரதராசனாரும், ராஜாஜியும் அங்கே தூசியேறிக் காத்திருந்தார்கள். கீழ்த்தட்டில் சிறுவர் கதைகளும் இருந்தன. அப்போது பத்து வயதினளான என் மகள் அவற்றுள் ஒன்றை உருவி எடுத்தாள். நூலின் பின்புறத்தில் திருப்பித் தரவேண்டிய நாளை முத்திரையிடும் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு தேதிதான் இருந்தது. அதுவும் பதினான்கு ஆண்டுகளுக்கு முந்தியது. வேறு பல நூல்களின் சீட்டுகளில் அதுவுமில்லை.

நூலகர் காரணம் சொன்னார். முன்னொரு காலத்தில் தமிழர் ஒருவர் விடாமல் எழுதிக் கேட்டு அந்நூல்களை வாங்கச் செய்தாராம். பிறகு அவருக்கு மாற்றலாகிவிட்டது. அவருக்குப் பின் எவரும் வரவில்லை. “ஆண்டு முடிவில் கணக்கெடுப்பு உண்டு. ஒருவரும் எடுக்காத நூல்களைத் தலைமை நிலையத்திற்கு அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே இடம் போதவில்லை. இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் இல்லை என்றே இதுகாறும் எண்ணியிருந்தேன்” என்றார் அவர்.

எங்கள் நான்கு தெருக்களில் மட்டும் முப்பது தமிழ்க் குடும்பங்களுக்குக் குறையாமல் இருந்தன. தீபாவளிப் பலகாரம் பரிமாறிக்கொள்ளும் அத்தனை பேருக்கும் அந்த அலமாரி தெரியாது. அந்த அலமாரிக்கும் எங்களைத் தெரியாது.

உறுப்பினராவதற்கு முகவரிச் சான்று வேண்டுமென்றார். அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லி விடைபெற்றேன். அடுத்த வாரம் அலுவலக வேலை மிகுந்தது. அதன்பின் ஊரிலிருந்து விருந்தினர் வந்தனர். நவராத்திரிக் கொலு வந்தது. மகளின் அரையாண்டுத் தேர்வு வந்தது. நான் சான்றிதழோடு போய் நின்றபோது தை பிறந்திருந்தது. மூலையில் அதே அலமாரி இருந்தது. உள்ளே போட்டித் தேர்வு நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன. நூலகர் வருத்தத்துடன் கைவிரித்தார். திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள்: “அப்பா, நாமெல்லாம் இங்கே இருக்கிறோம் என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையா?”

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. அந்த முதியவர்மேல் குறை கூறவும் எனக்கு வாயில்லை. பொது நூல்நிலையம் இயங்கும் முறையே அத்தகையது. அது தன்னைச் சூழ்ந்து வாழும் மக்களைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்வது. தன்னை வெளிக்காட்டிக்கொள்ளாத மக்களை அது எவ்வாறு அறியும்?

இதற்கு டில்லிப் பொது நூல்நிலையத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 1941-இல் டில்லியின் மக்கள்தொகை 9 இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. 1951 கணக்கெடுப்பில் அது 17 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தோர் பெருந்திரளாக அங்குக் குடியேறியிருந்தனர். நாடு முழுவதிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் என்ற காலம் அது. உணவும் உறைவிடமுமே பெருங்கவலையாயிருந்த அந்நகரில்தான் யுனெஸ்கோவும் இந்திய அரசும் கைகோத்து ஒரு பொது நூல்நிலையத்தை நிறுவின. 1951 அக்டோபர் 27-ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதனைத் திறந்து வைத்தார். பழைய டில்லியில், இரயில் நிலையத்திற்கு அருகிலேயே அது அமைந்தது.

படித்தவர் தொகை குறைந்த நாட்டில் கட்டணமில்லாத, எவரும் நுழையக்கூடிய நூல்நிலையம் பயன்படுமா என்று பார்ப்பதற்கான முன்மாதிரித் திட்டம் அது. ஆகவே அங்கே நூல்களைப் பூட்டி வைக்கவில்லை. வாசகர் தாமே தட்டுகளுக்கிடையே நடந்து, விரும்பியதை எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம். நம் நாட்டில் பெரும்பாலான நூல்நிலையங்கள் நூல்களைக் கம்பிக் கதவுக்குள் காத்துவந்த அந்நாளில் இது துணிவான செயல். இந்தி, உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் நூல்கள் வைக்கப்பட்டன. பின்னர்ப் பஞ்சாபி முதலிய பிற மொழிகளும் சேர்ந்தன. சிறுவர்க்குத் தனிப் பகுதி இருந்தது. புதிதாக எழுத்தறிந்த பெரியவர்களுக்கென்று சமூகக் கல்விப் பிரிவு ஒன்றும் இயங்கியது. அங்கே சொற்பொழிவு, நாடகம், திரைப்படக் காட்சி, கலந்துரையாடல் என்று பல நிகழ்ச்சிகள் நடைபெற்றன. புத்தகத்திடம் வரத் தயங்கியவரைப் பாட்டும் படமும் அழைத்து வந்தன. நூல்நிலையத்திற்கு வர இயலாதவரிடம் நூல்நிலையமே செல்லட்டும் என்று 1953-இல் நடமாடும் நூல் வண்டியும் புறப்பட்டது.

இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நூல்நிலையம் தன்னைச் சுற்றி வாழ்வோர் யாவர், அவர்களுக்கு எம்மொழி தெரியும், எந்த நேரத்தில் ஓய்வு கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தது. மக்கள் வந்தனர்; கேட்டனர்; கேட்டது கிடைத்ததும் மீண்டும் வந்தனர். புதிதாக வந்து குடியேறிய மக்கள் நிறைந்த நகரத்திலேயே இது கைகூடிற்று என்பது நம் போன்றோர் நினைவில் வைக்கத் தக்கது. ஊரைவிட்டு வந்தவனுக்கும் அங்கே நாற்காலி உண்டு.

இந்த நெறியை நம் நாட்டிற்கு நன்கு விளக்கியவர் நம்மவரே, நம்மைப் போல் ஊர் விட்டு ஊர் சென்று உழைத்தவரே என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். சீகாழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இலண்டன் சென்றவர் அங்குள்ள பொது நூல்நிலையங்களில் தொழிலாளரும் பெண்டிரும் குழந்தைகளும் உரிமையோடு புழங்குவதைக் கண்டார். நூல்நிலைய இயலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் சென்றன. பிற்காலத்தில் காசியிலும், டில்லியிலும், இறுதியாகப் பெங்களூரிலும் அவர் பணி தொடர்ந்தது. 1972-இல் பெங்களூரிலேயே அவர் காலமானார்.

அவர் வகுத்த விதிகளுள் இரண்டு நமக்கு நேரே பொருந்துவன. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை நாம் உரக்கச் சொல்வோம். “இந்த ஊரில் தமிழ் நூலே கிடைப்பதில்லை” என்று ஒவ்வொரு திருமண வீட்டிலும் குறைப்பட்டுக்கொள்கிறோம். இரண்டாவதை மறந்துவிடுகிறோம். அந்த அலமாரியிலிருந்த நூல்கள் பதினான்கு ஆண்டுகள் வாசகரைத் தேடின. வாசகர் முப்பது வீடுகளில் இருந்தனர். நூல்நிலையம் தன் பங்கைச் செய்தது. நாம் நம் பங்கைச் செய்யவில்லை.

தமிழ் நூல்கள் தமிழ்நாட்டிற்கு வெளியே செல்வதற்குச் சட்டமே வழிசெய்திருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் வெளியீட்டாளர் 30 நாள்களுக்குள் தம் செலவில் நான்கு நூல்நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். கொல்கத்தாத் தேசிய நூல்நிலையம், சென்னைக் கன்னிமரா, மும்பை மத்திய நூல்நிலையம், டில்லிப் பொது நூல்நிலையம் என்பனவே அந்நான்கு. கொல்கத்தாத் தேசிய நூல்நிலையத்தில் தமிழுக்கென்று தனிப் பிரிவே உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல் தொகுதியும் அங்கேதான் பாதுகாக்கப்பட்டு வருகிறது. கொல்கத்தாவில் வாழும் நம் அன்பருள் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்றிருப்பர்?

பெருநகரத்தை விட்டுக் கிளை நூல்நிலையங்களுக்கு வருவோம். இவற்றை நடத்தும் பணம் மக்கள் பணமே. சில மாநிலங்களில் வீட்டு வரியோடு நூல்நிலைய வரியும் சேர்த்துத் தண்டப்படுகிறது. 1948-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு வழிகாட்டிற்று. கருநாடகத்தில் 1965-ஆம் ஆண்டின் சட்டம் அவ்வாறே செய்தது. பெங்களூரில் வாடகை கொடுத்துக் குடியிருப்பவரும் வீட்டுக்காரர் வழியாக அந்த வரியைச் செலுத்துகிறார். ஆகவே நாம் அங்கே விருந்தாளிகள் அல்லோம், உரிமையுடையவர்கள்.

உரிமையை எவ்வாறு பயன்படுத்துவது? செய்யத் தக்கவை எளியவையே.

முதலாவதாக, குடும்பத்தில் ஒருவரேனும் இம்மாதத்திலேயே உறுப்பினராக வேண்டும். குழந்தைகளுக்குத் தனி அட்டை தருவார்களாயின் அவர்கள் பெயரிலேயே வாங்குங்கள். தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே நீட்டி நூல் பெறும் குழந்தைக்கு வரும் பெருமிதம், கடையில் வாங்கித் தரும் பொம்மையால் வருவதில்லை.

இரண்டாவதாக, வேண்டும் நூல்களைக் கேட்டு எழுதுங்கள். வாசகர் விருப்பத்தைக் குறிக்கும் ஏடு இருந்தால் அதில் எழுதுங்கள். இல்லையேல் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். “தமிழ் நூல்கள் வேண்டும்” என்று மட்டும் எழுதினால் தமிழறியாத நூலகர் என்ன செய்வார்? நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒருவர் இருபது நூல்கள் கேட்பதைவிட, இருபது பேர் ஆளுக்கொரு நூல் கேட்பது வலிவுடையது.

மூன்றாவதாக, இருக்கும் நூலை எடுங்கள். படித்துத் திருப்பிக் கொடுங்கள். ஆண்டு முடிவில் கணக்கெடுப்பவர் நம் தமிழ்ப் பற்றை அளப்பதில்லை. எத்தனை முறை நூல் வெளியே சென்றது என்றே பார்க்கிறார். மேடையில் தமிழ் வாழ்க என்று பத்து முறை முழங்குவதிலும், சீட்டில் விழும் ஒரு முத்திரை அந்த அலமாரியைக் காக்கும்.

நான்காவதாக, நூல் கொடை அளிப்போர் எண்ணிக் கொடுக்க வேண்டும். பழைய பள்ளிப் பாடநூல்களையும், அட்டை கிழிந்த மாத இதழ்களையும் கொண்டுபோய்க் கொட்டுவது கொடையன்று. வீட்டைத் துப்புரவு செய்வதாகும். நூலகரைக் கேட்டு, அவர் ஏற்பவற்றைக் கொடுங்கள். பெரிய எழுத்திலமைந்த சிறுவர் நூல்கள் மிகத் தேவை. திருக்குறளின் மொழிபெயர்ப்பு அவ்வூர் மொழியில் இருந்தால் அதையும் ஒரு படி வாங்கிக் கொடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் நம்மை அறிந்துகொள்ளட்டும்.

இங்கே மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மொழிக்கு இடம் கேட்கும் நாம், அவ்வூர் மொழிக்கு நம் மனத்தில் இடம் கொடுக்க வேண்டும். வங்காளத்தில் பல்லாண்டு வாழ்ந்தும் வங்க எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் நம்மில் உளர். சிறுவர் பகுதியிலுள்ள நூல்களே பெரியவர்களுக்கும் நல்ல ஆசான். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூல்நிலைய வாரம் கொண்டாடப்படுகிறது. அப்போது ஊரார் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு நாம் முதலில் செல்வோம். பிறகு, நம் குழந்தைகள் ஒரு தமிழ்க் கதையைப் படித்து அதன் பொருளை அவ்வூர் மொழியில் சொல்ல ஒரு மணி நேரம் கேட்போம். மறுக்கும் நூலகர் அரியர்.

“இப்போது எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, நூல்நிலையம் எதற்கு?” என்று இளைஞர் கேட்கலாம். கைப்பேசியில் தமிழ் நூல் படிப்பது நல்லதே, நானும் படிக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் நாம் கேட்டதைத் தருகிறது. நூல்நிலையத் தட்டோ நாம் கேட்கத் தெரியாததையும் காட்டுகிறது. கைப்பேசியில் நான் படிக்கும் நூலை என் மகள் கண்டதில்லை; அடுத்த தெருத் தமிழரும் அறியார். பொதுவிடத்திலுள்ள நூலோ, இங்கே இம்மொழி பேசுவோர் இருக்கிறார்கள் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

என் கதையின் எஞ்சிய பகுதியையும் சொல்லி முடிக்கிறேன். அந்நகரிலிருந்து மாற்றலாகி இப்போதைய ஊருக்கு வந்ததும், முதல் ஞாயிற்றுக்கிழமையே நூல்நிலையத்தைத் தேடிச் சென்றோம். தமிழில் ஒரு நூலும் இல்லை. நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மகள் தன் கையால் தனியே ஒன்று எழுதிக் கொடுத்தாள். சங்கத்தில் சொல்லி மேலும் பதினொருவரை எழுதச் செய்தோம். மாதங்கள் சென்றன. மறுமொழியே வராது என்று நினைத்திருந்த வேளையில் நூலகர் தொலைபேசியில் அழைத்தார். ஆறு தமிழ் நூல்கள் வந்திருந்தன. மகள் ஒன்றை எடுத்தாள்; புதுச் சீட்டில் முதல் முத்திரை விழுந்தது. இரண்டு வாரத்தில் படித்துத் திருப்பிக் கொடுத்தோம்.

சென்ற மாதம் அதே நூலை மீண்டும் படிக்க விரும்பிப் போனாள். சீட்டில் அவளுடைய தேதிக்குக் கீழே இன்னொரு தேதி இருந்தது. எழுதிக் கொடுத்தவர்களை எல்லாம் விசாரித்தேன். அவர்களில் எவரும் அந்நூலை எடுக்கவில்லை. நாங்கள் அறியாத தமிழர் ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அலமாரி அவரைக் கண்டுபிடித்துவிட்டது.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவருக்காகவேனும் முதல் தேதி உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த மாதம் சந்திப்போம்.